முந்நூற்று நாற்பத்தொன்பது

ஸ்ரான்லி வீதியில் நாலு கடை ஏறி இறங்கியாயிற்று.
"பதினாறு இஞ்சிதானே அக்கா, இந்தாங்கோ"
என்று எல்லோரும் நீட்டுவது
சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் ரயர்.
அதுவும் பதினாறு, இதுவும் பதினாறு,
றிம்மில் வைத்தால் இரண்டு விரல் குறைகிறது.
ரயரின் பக்கவாட்டில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்,
புடைத்த பொடி எழுத்தில் உண்டு சரியான அளவு.
முந்நூற்று நாற்பத்தொன்பது.
யாழ்ப்பாணத்தில் அந்த இலக்கத்தை
நான் மட்டும்தான் கேட்டுத் திரிகிறேன் போல.

எனக்கு நெடுந்தீவில் வேலை.
கிழமையில் மூன்று நாள் ஆடுமாடுகளுக்கு ஊசி.
பண்ணைப் பாலம் தாண்டிக் குறிகட்டுவான்வரை பஸ்,
பிறகு படகு.
இறங்குதுறையில் கழுத்தை மடக்கி, முதுகை முறித்து,
பின்சில்லை வயிற்றின் கீழ் தள்ளினால்
நாலு காலும் சேர்த்துக் கட்டிய கிடாய்போல
என் காலடியில் கிடக்கும்.
டிக்கற் வெட்டும் செபமாலை சொல்வார்:
"விரிச்சால் சைக்கிள் காசு, மடிச்சால் பொதிக் காசு.
பாதி மடிச்சால் என்ன காசு பிள்ளை?"
கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.
மூன்று வருடமாய் இதே பகிடி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை
நல்லதண்ணி ஒரு வாளி.
பழைய பல்துலக்கியால் செயினைத் தேய்த்து
கண்ணிக்கு ஒரு துளி, தையல்மெசின் எண்ணெய்.
விட்ட எண்ணெயைத் துடைக்கவும் வேண்டும்,
இல்லையேல் முருகைக்கல் தூளை வாரிக்கொண்டு
பல்லில்லாத கிழங்களுக்கு அரைத்த கூழாகிவிடும்.

உப்புத்தான் எதிரி என்று நினைத்திருந்தேன்.
ஆனால் நடு மடிப்பில் ஒரு கிரீச்.
இடதுகால் மிதிக்கையில் மட்டும்.
நொண்டும் ஆட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல
அயல்வீட்டு றெஜினாவை ஓடவிட்டு
பின்னால் குனிந்தபடி நானும் ஓடினேன்.
பிணைச்சல் ஆணி தேய்ந்திருந்தது,
மயிரளவு.

குருநகரில் நிக்சனின் லேத் பட்டறை.
வள்ளத்து எஞ்சின் சாமான்களுக்கு நடுவே
அதை விரித்து மடித்து விரித்து,
வந்த வேலையை மறந்து நின்றான்.
காற்றாடித் தண்டுக்குக் கடைந்து மிஞ்சிய
வெண்கலத் துண்டொன்றை எடுத்தான்.
"கடலுக்கெண்டு வார்த்தது. உங்கட சைக்கிளுக்குக் காணும்."
காசு வாங்கவில்லை.
"வீட்டில ஒரு நாய் நிக்குது. ஊசி போடோணும்.
கடிக்கும்."
கடித்தது.

ரயர் நல்லூர்த் திருவிழாவோடு வந்தது,
டோர்ட்முண்டிலிருந்து, மச்சாளின் சூட்கேசில்,
சொக்லற்றுக்கும் சம்பூவுக்கும் இடையில்
எட்டாய் மடிந்து.
கையோடு கையாய் முன் பற்சில்லையும் மாற்றினேன்,
நாற்பத்துநாலு பல்லைக் கழற்றி முப்பத்தெட்டு.
சோளகம் எதிர்த்தால் இனி இறங்கி உருட்டத் தேவையில்லை.
முன்னுக்குத் தடுப்பூசிப் பெட்டிக்கு ஒரு கொழுவி,
வாட்டர்பைப் இரும்பில், நானே வளைத்தது,
கொஞ்சம் கோணல்.

திங்கட்கிழமை நெடுந்தீவில் விரித்துப் பூட்டி மிதித்தேன்.
ஒரு சத்தமில்லை.
கல்வேலிக்கு இரு பக்கமும் காற்று மட்டும்.
எண்ணெயில் வழுக்குவதுபோல் போனேன்.

முதல் வளவில் ஆடு இல்லை.
இரண்டாவதில் கயிறு மட்டும் கிடந்தது.
மூன்றாவதில் கனகேஸ்வரி அக்கா
ஈரத் தலையோடு ஓடிவந்தார்.
"என்ன பிள்ளை, திடீரெண்டு வந்து நிக்கிறாய்?
கிரீச் எண்டு சந்தியில கேட்டால்தானே
நாங்கள் ஆட்டைப் பிடிச்சுக் கட்டுறது!"

அன்று பதினொரு மருந்து
ஐஸ் கரைந்து திரும்பி வந்தது.

மறுநாள் ஸ்ரான்லி வீதி, அதே கடை.
என்னைக் கண்டதும் பெடியன் கையை விரித்தான்.
"அக்கா, அந்த நம்பர் இல்லை."
மணி இருக்கா என்றேன்.
"என்ன சைஸ்?" என்று கேட்டுவிட்டு
அவனே யோசித்தான்.
பெட்டியில் கிடந்ததில் ஆகச் சத்தமானதை எடுத்து
கடை வாசலில் அடித்துக் காட்டினான்.
தெருவில் போன மூன்று பேர்
சைக்கிளை விலத்தினார்கள்.